புள்ளிக்கு முன்னால் மூன்று இலக்கம்

“தம்பி, இது கென்மோர் மெஷின். நீங்கள் கொண்டுவந்த பெட்டியிலை வேர்ள்பூல் எண்டு போட்டிருக்கு. வேறை கொம்பனிச் சாமானை இதுக்குள்ளை போடாதேங்கோ.”

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் படியை மறித்து நின்றுகொண்டு அந்த அம்மா இதைச் சொன்னார். அவர் பயந்ததில் பிழை இல்லை. மகனும் மருமகளும் ஆளுக்கு இரண்டு வேலை செய்து வாங்கிய வாஷர் அது. நான் மூடியைத் திறந்து, விளிம்பின் கீழே இருந்த தகட்டில் டோர்ச் அடித்துக் காட்டினேன். 110 என்று தொடங்கி, ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் நீளமான இலக்கம்.

“அம்மா, புள்ளிக்கு முன்னாலை இருக்கிற இந்த 110தான் இது பிறந்த இடம். வேர்ள்பூல் ஃபாக்டரியிலை பிறந்தது. கென்மோர் எண்டது கடைக்காரர் வைச்ச பேர்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பெத்தது ஒரு ஆள், பேர் வைச்சு வளர்த்தது இன்னொரு ஆள் எண்டு சொல்லுங்கோ” என்றபடி வழிவிட்டார். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்த நான், கடைப்பெயர்ச் சாதனம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கேட்டதில்லை.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனபோது நான் நீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்திக்கொண்டிருந்தேன். தோட்டக் கிணறுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்புகள். மின்சாரம் இல்லாத ஊரிலிருந்து அடுத்த ஆண்டு கனடாவுக்கு வந்து சேர்ந்தவனுக்குக் கிடைத்த வேலை, மின்சாதனம் திருத்துபவர் ஒருவரிடம் உதவியாள் வேலை. அவர் போர்த்துக்கீசர். ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் சின்னக் கடை, ஒரு பழைய வான், சாமான் அடுக்கிய ஒரு கராஜ். முதல் கிழமை என்னிடம் ஒரு கொப்பியைத் தந்து சொன்னார்: கதவில் இருக்கும் பெயரை வாசிக்காதே, தகட்டில் இருக்கும் இலக்கத்தை வாசி.

அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். கென்மோர் என்பது அமெரிக்காவின் சியர்ஸ் கடையின் சொந்தப் பெயர். சியர்ஸ் ஒரு வாஷரையும் தானாகச் செய்ததில்லை. வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்வித்து, தன் பெயரை ஒட்டி விற்றது. எந்தத் தொழிற்சாலை என்பதை மூன்று இலக்கத்தில் தகட்டில் பொறித்தது. 110 என்றால் வேர்ள்பூல் செய்த வாஷர் அல்லது டிரையர். 106 வேர்ள்பூல் ஃபிரிட்ஜ். 665 வேர்ள்பூல் டிஷ்வாஷர். 253 ஃப்ரிஜிடேர் ஃபிரிட்ஜ். 417 அவர்களுடைய வாஷர், டிரையர். 790 அவர்களுடைய அடுப்பு. கனடாவில் 970 என்று தொடங்குவதும் அந்தக் குடும்பம்தான். 363 ஜெனரல் எலக்ட்ரிக். பின்னாளில் சேர்ந்தவை 795 எல்ஜி ஃபிரிட்ஜ், 796 எல்ஜி வாஷர். 630 போஷ் டிஷ்வாஷர். ஒரு பிள்ளை வாய்ப்பாடு பாடமாக்குவதுபோல இவற்றைப் பாடமாக்கினேன். பஸ்ஸில் போகும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன்.

இந்த உறவு எவ்வளவு பழையது என்று பிறகுதான் அறிந்தேன். வேர்ள்பூலின் மூலம் 1911இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய அப்டன் மெஷின் கொம்பனி. அது 1916இல் சியர்ஸுக்கு வாஷர் செய்து கொடுக்கத் தொடங்கியது. கென்மோர் என்ற பெயர் முதலில் வந்தது 1913இல், ஒரு தையல் மெஷினில். 1927இல் அது வாஷருக்கும் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலை செய்த மேல்திறப்பு ஓட்டோமாட்டிக் வாஷர் 1947இல் முதலில் கென்மோர் என்ற பெயரில்தான் விற்பனைக்கு வந்தது. வேர்ள்பூல் என்ற பெயரில் அடுத்த ஆண்டு வந்தது. கடைப்பெயரில் வருவது அசலின் மலிவு நகல் என்று நினைக்கிறவர்கள் இதை அறிய வேண்டும். இங்கே கடைப்பெயர் மூத்தது, தொழிற்சாலையின் சொந்தப் பெயர் இளையது. கனடாவுக்குச் சியர்ஸ் கடை 1952இல் சிம்சன்ஸ்-சியர்ஸ் என்ற கூட்டாக வந்தது. நான் வந்த காலத்தில் கனடிய வீடுகளின் பேஸ்மென்ட்டுகளில் கென்மோர் இல்லாத தெரு இல்லை.

நம் ஆட்களுக்கு விளக்கும்போது நான் சிங்கரைச் சொல்வேன். 1877இலிருந்து இலங்கையில் சிங்கர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அம்மாமாரின் சீதனத்தோடு வந்த தையல் மெஷின். பிறகு அதே பெயரில் ஃபிரிட்ஜும் வந்தது. அந்த ஃபிரிட்ஜைச் செய்யும் கொம்பனியின் பெயர் ரெக்னிஸ். சிங்கர் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து வாசித்தால் ரெக்னிஸ். கதவில் ஒரு பெயர், தொழிற்சாலை வாசலில் இன்னொரு பெயர் என்பது நமக்கும் புதிதல்ல. கென்மோர் தையல் மெஷினில் 385 என்று இருந்தால் அது ஜப்பானின் ஜனோமே செய்தது. என் மனைவி ஸ்காபரோவில் இருபது வருடம் சட்டை தைத்தது அதில்தான்.

இனி மெஷினைத் திறப்போம். தொழில் தெரிந்தவனுக்கு வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

1980களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய முப்பது வருடம் வேர்ள்பூல் செய்த மேல்திறப்பு வாஷர் ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் அதை ‘டைரக்ட் டிரைவ்’ என்போம். மோட்டருக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் பெல்ட் கிடையாது. வேர்ள்பூல், கென்மோர், ரோப்பர், எஸ்டேட், கிச்சன்எய்ட், கனடாவில் இங்கிலிஸ் என்று எத்தனையோ பெயரில் அது வந்தது. எல்லாவற்றையும் ஒரே முறையில்தான் திறப்பது. மின்செருகியைக் கழற்றி, மேலே பொத்தான்கள் உள்ள பலகையின் இரண்டு திருகாணிகளை எடுத்து, பலகையைப் பின்னால் சாய்த்து, மூடிச் சுவிட்சின் வயரைக் கழற்றி, இரண்டு பித்தளைக் கிளிப்பைத் திருப்புளியால் நெம்பினால் முழு வெள்ளைக் கூடும் முன்னால் சாய்ந்து கையில் வரும். உள்ளே பார்த்தால் எது கென்மோர், எது ரோப்பர் என்று எவராலும் சொல்ல முடியாது. அதே தொட்டி, அதே கியர்பெட்டி, மோட்டரின் முகத்தில் இரண்டு கிளிப்பில் தொங்கும் அதே தண்ணீர்ப் பம்ப்.

மோட்டருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் கப்ளிங் என்று ஒரு சிறிய சாமான் இருக்கும். இரண்டு பக்கமும் மூன்று விரல் உள்ள பிளாஸ்டிக், நடுவில் ஒரு ரப்பர். யாராவது கம்பளிப் போர்வைகளைத் திணித்து மெஷினை ஓட்டினால் முதலில் உடைவது அதுதான். அது உடைந்து மோட்டரையும் கியரையும் காப்பாற்றும். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்குப் புதிது வாங்கலாம். அரை மணித்தியால வேலை. அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் கொண்டுபோன பெட்டியில் இருந்தது அந்தக் கப்ளிங்தான். எலும்பும் நரம்பும் எல்லாப் பெயருக்கும் ஒன்றாக இருந்ததால் என் வானில் ஒரு பெட்டி கப்ளிங், ஒரு பெட்டி பம்ப் இருந்தால் அரைவாசி ஸ்காபரோவை ஓட வைக்கலாம்.

அப்படியென்றால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. கடைக்காரர் தொழிற்சாலைக்குப் போய்ப் பெயரை மட்டும் மாற்றிக் கேட்பதில்லை. எத்தனை வேகம் உள்ள மோட்டர், எத்தனை சலவைச் சுற்று, எந்த டைமர், நடுத்தண்டு எந்த வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். கென்மோர் வாஷரின் முகப்பில் 70 சீரிஸ், 80 சீரிஸ், 90 சீரிஸ் என்று எழுதியிருக்கும். படி ஏற ஏற உள்ளே வேகங்களும் தெரிவுகளும் கூடும். நல்ல மாதிரிகளில் நடுத்தண்டு இரண்டு துண்டாக இருக்கும்: கீழ்த்துண்டு இரண்டு பக்கமும் ஆடும், மேல்துண்டு ஒரே பக்கம் சுற்றித் துணியைக் கீழே இழுக்கும். மலிவான மாதிரிகளில் தண்டு முழுவதும் ஒரே துண்டு. ஆகவே, ஒரே தொழிற்சாலையில் பிறந்த ஒரு ரோப்பரைவிட ஒரு கென்மோர் நன்றாகத் துவைக்கும். அதே கென்மோரின் கீழ்ப்படி மாதிரியை ஒரு வேர்ள்பூல் வெல்லும். ‘கென்மோர் நல்லதா, வேர்ள்பூல் நல்லதா’ என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் திருப்பிக் கேட்டது, ‘எந்த மாதிரியை எந்த மாதிரியோடு?’ என்பதைத்தான். பெயரோடு பெயரை ஒப்பிட்டால் விடை வராது.

பெரிய வித்தியாசம் எலக்ட்ரோனிக் பலகைகள் வந்த பிறகு தொடங்கியது. அதை நான் காசு கொடுத்துப் படித்தேன். 2004இல் ஒரு வீட்டில் ஒரு கடைப்பெயர் வாஷரின் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துபோனது. தொழிற்சாலையின் சொந்தப் பெயரில் வந்த மாதிரியின் பலகை உடனே கிடைத்தது. அதே அளவு, அதே செருகிகள், திருகாணித் துளைகூட அதே இடம். பூட்டினேன், விளக்கு எரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வேறொன்று வேலை செய்தது. கதவு பூட்டிக்கொண்டது, தண்ணீர் வரவில்லை. உடம்பு ஒன்று, உள்ளே எழுதிய மென்பொருள் வேறு. மின் சாமான்களைப் பூட்டிய பின் கடை திருப்பி எடுக்காது. அந்தக் காசை வாடிக்கையாளரிடம் கேட்பது நியாயம் இல்லை, நானே கட்டினேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சுழல்வது, இறைப்பது, சூடாக்குவது எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையின் சாமானைப் போடலாம். சிந்திக்கிற பலகைக்கு மட்டும் தகட்டில் உள்ள முழு இலக்கத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அதே எலக்ட்ரோனிக் பலகை இன்னொரு வகையில் உதவியும் செய்தது. பழுது வந்ததும் மெஷின் காட்டும் குறி தொழிற்சாலையின் குறியாகவே இருக்கும். எல்ஜி செய்த வாஷர் தண்ணீர் வெளியேறாவிட்டால் ‘ஓஈ’ என்று காட்டும். கதவில் கென்மோர் என்று இருந்தாலும் அதையே காட்டும். வேர்ள்பூல் ஜேர்மனியில் செய்து கென்மோர் பெயரிலும் வந்த முன்திறப்பு வாஷர் அதே பழுதுக்கு ‘எஃப்02’ என்று காட்டும். தொலைபேசியில் ஒருவர் குறியைச் சொன்னதுமே எனக்குத் தாய்வீடு தெரிந்துவிடும். எந்த நாட்டுக்குப் போய் எந்தப் பெயர் வைத்தாலும், நோகும்போது ‘அம்மா’ என்றுதானே வருகிறது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பெயரை மாற்றி விற்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் சும்மா நிற்கக்கூடாது. பெரிய கடை ஒன்று தரும் நிலையான ஓர்டர் அவர்களுக்குச் சோறு போடுகிறது. கடைக்கு இரண்டு நன்மை. ஒன்று, விளம்பரச் செலவைத் தன் பெயருக்கே செய்கிறது. வாடிக்கையாளர் அடுத்த முறையும் அதே கடைக்கு வருவார். இரண்டு, அந்த மாதிரி இலக்கம் வேறெந்தக் கடையிலும் இல்லாததால் விலையை ஒப்பிட முடியாது. பக்கத்துக் கடையின் விலைக்கே தருவோம் என்று பலகை வைத்திருக்கும் கடையில், ஒப்பிட மாதிரியே இல்லாவிட்டால் அந்த வாக்கு வேலை செய்யாது. தொழிற்சாலையின் சொந்தப் பெயரில் வரும் சாதனங்களிலும் ஒரு கடைக்கென்று கடைசி எழுத்தோ இலக்கமோ மாறிய மாதிரிகள் உண்டு. அதனால் விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். உள்ளே எத்தனை தட்டு, எந்த மோட்டர், எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வித்தியாசம் மெஷினுக்கு உள்ளே இல்லை. கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது. தொழிற்சாலையின் பெயரில் வாங்கினால் உத்தரவாதம் தொழிற்சாலையுடையது. கடையின் பெயரில் வாங்கினால் பெரும்பாலும் கடையுடையது. கடை நல்ல கடையாக இருந்தால் அது பலம்: ஒரே இலக்கத்துக்கு அழைத்தால் போதும், அவர்களே ஆள் அனுப்புவார்கள். ஐக்கியா தன் பெயரில் விற்கும் சாதனங்களை வேர்ள்பூலும் எலக்ட்ரோலக்ஸும் செய்து கொடுத்திருக்கின்றன. கடை 5 வருட உத்தரவாதத்தோடு விற்றிருக்கிறது. தொழிற்சாலை தன் பெயரில் பொதுவாகக் கொடுக்கும் ஒரு வருடத்தைவிட அது நீளம்.

கடை கைவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாடிக் குடியிருப்பில் மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம். வேறொரு கடையின் பெயரில் வாங்கிய ஃபிரிட்ஜ், மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கம்ப்ரசர் நல்ல நிலையில் இருந்தது. பலகை மட்டும் செத்துவிட்டது. தகட்டில் கடையின் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. தொழிற்சாலையைக் கண்டுபிடித்து அழைத்தேன். இது கடைக்கென்று செய்த மாதிரி, கடையைக் கேளுங்கள் என்றார்கள். கடையை அழைத்தேன், அந்த மாதிரி நின்றுவிட்டது, சாமான் இல்லை என்றார்கள். பத்து வருடம் ஓடக்கூடிய கம்ப்ரசரோடு அந்த ஃபிரிட்ஜ் குப்பைக்குப் போனது. தை மாதம். பிள்ளைகளின் பாலைப் பல்கனிப் பனியில் வைத்திருந்தார்கள். வந்துபோன கூலியை நான் வாங்கவில்லை. திருத்தக்கூடிய ஒன்றைத் திருத்த முடியாமல் வெளியேறுவதைவிட ஒரு மெக்கானிக்குக் கவலை தருவது வேறில்லை.

2017இல் வேர்ள்பூல் தன் சொந்தப் பெயர்ச் சாதனங்களைச் சியர்ஸுக்கு விற்பதை நிறுத்தியது. 1916இல் தொடங்கிய உறவில் பெரிய முறிவு அது. 2018 தை மாதம் கனடாவில் கடைசி சியர்ஸ் கடைகளும் பூட்டப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவில் சியர்ஸ் திவால் மனுக் கொடுத்தது. என் தொலைபேசி ஓயவில்லை. ‘அண்ணை, கடை பூட்டியாச்சு, எங்கடை கென்மோரை இனி எறியத்தான் வேணுமோ?’ எல்லோரிடமும் ஒன்றையே கேட்டேன்: தகட்டைப் பார்த்துப் புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கத்தைச் சொல்லுங்கோ. 110 என்றவர்களுக்கு வேர்ள்பூல் கப்ளிங் போட்டேன். 417 என்றவர்களுக்கு ஃப்ரிஜிடேர் பெல்ட் போட்டேன். 796 என்றவர்களுக்கு எல்ஜி பம்ப் போட்டேன். தேடித் திரிய வேண்டியிருந்தது கடைக்கென்று மட்டும் செய்த சாமான்களுக்குத்தான்: முகப்புப் பலகை, திருகும் குமிழ், கண்ணாடித் தட்டு, எலக்ட்ரோனிக் பலகை. கடையின் பெயர் தாங்கியவை கடையோடு அரிதாகின. தொழிற்சாலையில் பிறந்தவை தொடர்ந்து கிடைத்தன.

இப்போது நான் வேலையைக் குறைத்துவிட்டேன். வானை மருமகன் ஓட்டுகிறான், கொப்பி என்னிடம் இருக்கிறது. புதிதாகச் சாதனம் வாங்கப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். கடைப்பெயர் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், மலிவு என்பதற்காக விழவும் வேண்டாம். யார் செய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் தகட்டைக் கேளுங்கள். மைக்ரோவேவ் என்றால் பின்னால் எஃப்சிசி என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பதிவு இலக்கம் இருக்கும். அதன் முதல் எழுத்துகள் அதைப் பதிவு செய்த கொம்பனியைச் சொல்லும். ஏ3எல் என்று தொடங்கினால் சாம்சங். உத்தரவாதச் சீட்டில் யாருடைய பெயர், யாருடைய தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்று வாசியுங்கள். அந்த மாதிரிக்குக் கட்டுப்பாட்டுப் பலகை தனியாக விற்பனைக்கு உண்டா என்று வாங்கும் முன்பே தேடுங்கள். கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். கிடைக்காவிட்டால், எவ்வளவு மலிவு என்றாலும் அது விலை கூடிய சாமான்தான்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஃபிரிட்ஜில் தகடு உள்பக்கச் சுவரில் இருக்கும். டிஷ்வாஷரில் கதவின் ஓரத்தில், டிரையரில் கதவுச் சட்டத்தில், அடுப்பில் கீழ் இழுப்பறையை இழுத்தால் தெரியும் சட்டத்தில், வாஷரில் மூடியின் கீழே அல்லது பின்பக்கம் இருக்கும். நாள் போனால் எழுத்து அழியும், ஈரத்தில் தாள் கிழியும். இன்றிரவு சமையல் முடிந்ததும் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.